அக்காவின் காரில் ஓர் ஈரத் துண்டு வாடை

செய்தி வந்தபோது ஒரு காய்ச்சல்காரரின் இரத்தத் துளியை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஆய்வகத்தில் ஜன்னல் கட்டையின்மேல் வைத்தால்தான் கைபேசிக்கு உயிர் இருக்கும். அது அங்கே கிடந்து அதிர்ந்து அதிர்ந்து விளிம்புவரை நகர்ந்துவிட்டது. எடுத்தேன். செண்பகம் அக்காவின் மகள் கவிதா பேசினாள். “சித்தி, அம்மா காலைல செத்துப்போயிட்டாங்க” என்றாள். அழவில்லை. நானும் அழவில்லை. வெளியே பெஞ்சில் காய்ச்சல்காரரும் அவர் மனைவியும் காத்திருந்தார்கள். மறுபடி நுண்ணோக்கியில் கண் வைத்து, பார்க்க வேண்டியதைப் பார்த்து முடித்து, சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். செண்பகம் அக்கா பக்கத்து அறையில் இருந்திருந்தால் அப்படித்தான் செய்யச் சொல்லியிருப்பார்.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். செண்பகவல்லி அக்கா வெள்ளிமலையில் எங்கள் அரசு சுகாதார நிலையத்தின் மருந்தாளுநர். நான் அங்கே ஆய்வகப் பணிக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அந்த மருந்து ஜன்னலுக்குப் பின்னால் நின்றவர். மாத்திரை வாங்க வருகிறவர்களிடம் காலை, இரவு என்று சொல்ல மாட்டார். “மாட்ட அவுக்கும்போது ஒண்ணு, மாட்டக் கட்டும்போது ஒண்ணு” என்பார். கேட்டவர்கள் மறந்ததே இல்லை. தன் மாத்திரையைப் பக்கத்து வீட்டுக்காரருக்குப் பங்கு போட்டுக் கொடுத்ததாக யாராவது பெருமையாகச் சொன்னால் போதும், அன்றைக்கு மருந்து ஜன்னல் பக்கம் யாரும் நிற்க முடியாது. அப்படி ஒரு குரல் அவருக்கு.

நான் அவரோடு பழகத் தொடங்கியது காரில்தான். கள்ளக்குறிச்சியிலிருந்து மலைக்குப் போகும் காலைப் பேருந்தை நான் தவறவிட்ட ஒரு நாளில், கச்சிராயபாளையம் நிறுத்தத்தில் ஒரு பழைய வெள்ளைக் கார் என் அருகே வந்து நின்றது.

“இன்னா, பஸ்ஸு போயிடுச்சா? ஏறு. பின்னாடி ஏறு.”

பின்னாடி என்று அழுத்திச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. முன்னால் இடது பக்கம் அவர் கணவர் தனசேகரன் மாமா உட்கார்ந்திருந்தார். ஒரு காலத்தில் உரக்கடை வைத்திருந்தவர். சர்க்கரை நோய் கண்ணில் இறங்கியபிறகு கடையையும் விட்டார், ஓட்டுநர் இருக்கையையும் விட்டார். அக்கா ஓட்டக் கற்றுக்கொண்டார். ஆனால் மாமாவால் வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை. தினமும் மனைவியோடு மலையேறி வருவார். சுகாதார நிலையத்தின் பலா மரத்தடியில் கார் நிற்கும். போகிற வருகிறவர்களிடம் சாமை விளைச்சல் கேட்டுக்கொண்டு, சாயங்காலம்வரை மாமாவும் அங்கேயே இருப்பார். “அவுருக்கு வேல போட்டுக் குடுக்கலன்னுதான் கொற. மத்தபடி அட்டண்டன்ஸ்ல என்னவுட கரெக்டு” என்பார் அக்கா.

மாமாவுக்கு எப்போதும் புழுக்கம், எப்போதும் தாகம். பின்பக்க ஓடையில் காலை நனைப்பார், துண்டை நனைத்துக் கழுத்தில் போட்டுக்கொள்வார். அந்த ஈரத்தோடே காரில் ஏறுவார். ஏசி காற்று வரும் வாயில் துண்டை விரித்துக் காயவைப்பார். வழியெல்லாம் பாட்டிலைத் திறந்து மடக் மடக்கென்று தண்ணீர் குடிப்பார். காருக்குள் மட்கிய துணி வாடை அடிக்கிறது என்று அக்கா கத்துவார். மாமாவுக்குக் கோபமே வராது.

“வாட வந்துக்கினு இருந்தா நான் பக்கத்துல இருக்கேன்னு அர்த்தம். வரலன்னா திரும்பிப் பாரு” என்பார்.

நாங்கள் சிரிப்போம்.

ஒருநாள் மதியம் மாமா எங்கள் இரண்டு பேரையும் வேலைக்கு நடுவில் கூப்பிட்டு அனுப்பினார். உடம்புக்கு என்னவோ என்று ஓடினோம். அவரோ காரின் இடது பக்கம் மண்டியிட்டு, அடியில் எதையோ உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சிறிய ரப்பர் குழாய் கீழ்நோக்கித் தொங்கியது. ஒரு குளவி ஈர மண்ணை உருட்டி எடுத்துவந்து அதன் வாய்க்குள் நுழைந்தது, வெளியே வந்தது, மறுபடி போனது.

எங்கள் பக்கத்தில் வீட்டுக்குள் குளவி மண்கூடு கட்டினால் யாரும் உடைக்க மாட்டார்கள். அந்த வீட்டில் குழந்தை வரப்போகிறது என்பார்கள். உளுந்தூர்பேட்டையில் வாழ்க்கைப்பட்ட கவிதாவுக்குக் கல்யாணமாகி வருடங்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவள் மாமியார் வாயைத் திறந்தாலே அந்தப் பேச்சுதான்.

“காருல கட்டினா கணக்குல வருமா?” என்று கேட்டேன். கேலிக்குத்தான் கேட்டேன்.

“ஏன் வராது தேவிம்மா? பாதி நாளு நாங்க இதுலதான குடியிருக்கோம். இதுவும் எங்க வூடுதான்” என்றார் மாமா. அன்றிலிருந்து அந்தக் குழாயைத் தொடக்கூடாது என்பது சட்டம். வாட்டர் வாஷ் கடையில்கூட, “இந்தப் பக்கம் தண்ணி அடிக்காதப்பா” என்று கையைக் குறுக்கே நீட்டி நிற்பார். அது எதற்கான குழாய் என்று எங்கள் மூவருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் தோன்றவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் மாமா இறந்தார். காரில்தான் இறந்தார். சாயங்காலம் தூறலில் மலை இறங்கிக்கொண்டிருந்தோம். நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது என்றார். ஏசியைக் கொஞ்சம் கூட்டு என்றார். பிறகு பேச்சில்லை. கழுத்திலிருந்து துண்டு வழுக்கி விழுந்ததைப் பின்னாலிருந்து நான்தான் பார்த்தேன். அக்கா காரை நிறுத்தவில்லை. நிறுத்தி அந்த வளைவில் என்ன செய்ய முடியும்? ஒவ்வொரு வளைவிலும் மாமா கதவுப் பக்கம் சரிய, அக்கா இடது கையால் அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டே, ஒற்றைக் கையால் ஓட்டினார். நான் பின்னாலிருந்து மாமாவின் தோளைப் பிடித்திருந்தேன். கோமுகி அணை தாண்டும்போது என் கைக்குத் தெரிந்துவிட்டது. சொல்லவில்லை. கள்ளக்குறிச்சியில் ஆஸ்பத்திரி வாசலில் காரை நிறுத்திவிட்டு அக்கா சொன்னார்: “எனக்கும் தெரியும் தேவி. கீழ கொண்டாந்து சேத்துட்டேன்.”

துண்டை அவரோடே அனுப்பிவிட்டார்கள். கார் கொஞ்ச நாள் நின்றது. அக்கா மறுபடி வேலைக்கு வந்த அன்று வழக்கம்போலக் கச்சிராயபாளையத்தில் நின்றார். வழக்கம்போலப் பின்னால் ஏறினேன். முன் இருக்கை காலியாகத்தான் இருந்தது. அதில் உட்கார எனக்கு மனம் வரவில்லை, அவரும் கூப்பிடவில்லை. ஏசியைப் போட்டார். ஈரத் துண்டு வாடை வந்தது.

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. இன்றும் கிடையாது. ஆனால் அந்தக் காரில் அன்று நான் பயந்துபோனதை மறைத்து என்ன ஆகப்போகிறது? துண்டு போய்விட்டது. துண்டுக்காரர் போய்விட்டார். வாடை மட்டும் எங்கிருந்து வருகிறது? மலை ஏற ஆரம்பித்ததும் அதைவிட மோசமான ஒன்று கேட்டது. வளைவில் கார் திரும்பும்போதெல்லாம், முன்னால் இடது பக்கத்தில் மடக் என்று ஒரு சத்தம். யாரோ தண்ணீர் விழுங்குகிற சத்தம். இறங்கும்போது எட்டிப் பார்த்தேன். மாமா கால் வைக்கிற இடத்தில் விரிப்பு ஈரமாக இருந்தது.

 சில நாள் கழித்து, ஒரு வளைவில் அந்தச் சத்தம் கேட்டபோது, அக்கா சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் மெல்லிய குரலில், “மெதுவாக் குடிங்க, பொற ஏறப்போவுது” என்றார். என்னிடம் சொன்னதில்லை அது. நான் தூங்குவதுபோலக் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? அவசரத்துக்கு அக்காவின் காரில் தொற்றிக்கொள்கிறவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். ஜீப்காரர்கள் பலா மரத்தடியில் வண்டி நிறுத்துவதை விட்டார்கள். எலுமிச்சம்பழம் கட்டச் சொன்னார்கள், கல்லுப்பு வைக்கச் சொன்னார்கள், விற்றுவிடச் சொன்னார்கள். வாசனைப் புட்டி ஒன்றை நான் வாங்கி மாட்டினேன். மல்லிகைப் பூவுக்குள் ஈரத் துண்டைச் சுற்றிவைத்த மாதிரி ஆனது. அக்கா அதைக் கழற்றி என் கையிலேயே கொடுத்துவிட்டார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வாடை போக வேண்டும் என்று அவருக்கு ஆசையே இல்லை.

இதற்கிடையில் கவிதா உண்டானாள். பெண் குழந்தை பிறந்தது. “பாத்தியா, அவுரு சொன்னாரு இல்ல” என்று அக்கா சுகாதார நிலையம் முழுக்கக் கற்கண்டு கொடுத்தார். மகளையும் பேத்தியையும் அந்தக் காரிலேயே அழைத்துவரப் போனார். உளுந்தூர்பேட்டை எல்லையைத் தாண்டவில்லை, குழந்தை இருமத் தொடங்கியது. மூச்சு இழுத்தது. கவிதா கதவைத் திறந்துகொண்டு சாலையோரம் இறங்கி நின்றுவிட்டாள்.

“அப்பா வாட வருதும்மா. எப்பிடிம்மா இதுல ஒக்காந்து வர்ற? என் புள்ளய நான் இதுல ஏத்த மாட்டேன். இந்தக் காரு வூட்ல இருக்கற வரைக்கும் உன் வூட்டுக்கும் கொண்டாற மாட்டேன்.”

பேருந்தில் ஏறி அவள் மாமியார் வீட்டுக்கே திரும்பிவிட்டாள். குழந்தை மருத்துவரும், ஈரப் பூஞ்சை ஆகாது, பக்கத்தில் சேர்க்காதீர்கள் என்றாராம்.

மறுநாள் அக்கா மருந்து ஜன்னலைச் சாத்திவிட்டு என் அறைக்கு வந்து உட்கார்ந்தார். “ஒரு பக்கம் அவுரு, ஒரு பக்கம் அந்தக் கொழந்த. நான் இன்னா தேவி பண்ணுவேன்?” என்றார். அன்றுதான் அவர் அழுது பார்த்தேன். காரை விற்க முடியாது, அது மாமாவை விற்பது என்றார். வாடையைப் போக்கப் பார்ப்போம் என்றேன். “போனா அவுரும் போயிடுவாரே” என்றார். படித்தவர், ஆயிரம் பேருக்கு மருந்து கொடுத்தவர் இப்படிப் பேசலாமா என்று கேட்பவர்கள் அந்தக் காரில் ஒருமுறை மலையேறியிருக்க வேண்டும்.

கள்ளக்குறிச்சியில் துருகம் சாலையில் கார் ஏசி வேலை பார்க்கிறவர் சலீம் பாய். காரைப் பார்த்தார். இடது பக்க விரிப்பைத் தூக்கினார். அடியில் இருந்த பஞ்சுத் தகடு ஊறி, கறுத்து, கையோடு பிய்ந்து வந்தது. ஏசியைப் போடச் சொல்லிவிட்டுக் காரின் அடியில் வெகுநேரம் பார்த்தார்.

“ஏசி ஓடினா கீழ தண்ணி சொட்டணும்க்கா. உங்க வண்டியில ஒரு சொட்டு இல்ல. வெளிய போற கொழாய் அடச்சிக்கினு இருக்குது. தண்ணி உள்ளயே தேங்கி, டேஷ்போர்டுக்கு அடியில தளும்பி, காலுகிட்ட வழியுது. வாட அதான். நாளெல்லாம் ஊறினா இன்னா ஆவும்? ஒரு கம்பி வுட்டா போதும். வுடட்டுமா?”

அக்கா அந்த ரப்பர் குழாயைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எங்கள் இருவருக்கும் ஒரே சமயத்தில் மாமா மண்டியிட்டிருந்த மதியம் நினைவுக்கு வந்தது.

“நாளைக்கு வுடுங்க பாய். இன்னிக்கி ஒருநாள் இருக்கட்டும்” என்றார் அக்கா.

அன்று எங்களுக்கு விடுமுறை. இருந்தும் மலையேறினோம். நான் பின்னால், அக்கா ஓட்டினார், முன்னால் அந்த வாடை. இடது பக்கக் காற்றுவாயை இருக்கையின் பக்கம் நன்றாகத் திருப்பி வைத்திருந்தார்.  மாமாவின் துண்டு வழுக்கிய அந்த வளைவில் மட்டும் கார் மிகவும் மெதுவானது. மடக் என்றது.

“கேக்குதா தேவி?”

“கேக்குதுக்கா.”

அது தண்ணீர் என்று இருவருக்கும் தெரியும். தெரிந்தும், தெரியாதிருந்த நாட்களைவிட அன்றுதான் மாமா அந்த இருக்கையில் நிறைந்து உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் சலீம் பாய் காரைத் தூக்கி நிறுத்திக் கம்பியை விட்டார். முதலில் செம்மண் உதிர்ந்தது. பிறகு மண்கூடு துண்டு துண்டாக வந்தது. பின்னாலேயே தண்ணீர் கொட்டியது, கறுப்பாக, நிறுத்தாமல். அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். “அவுரு தொடாதன்னாரு. நானே ஒடச்சிட்டேனே” என்றார்.

சலீம் பாய் ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். “காலிக் கூடுக்கா. குஞ்சு எப்பவோ பறந்துடுச்சி.”

அக்கா அந்த மண் துண்டுகளைப் பொறுக்கினார். கைப்பையில் எப்போதும் மாத்திரை உறை வைத்திருப்பார். ஓர் உறையில் போட்டு மடித்து, காரின் டேஷ்போர்டிலிருக்கும் முன்பெட்டியில் வைத்தார். “இதுக்கு எத்தினி வேள எழுதறது?” என்று என்னைக் கேட்டுவிட்டு, சிரிக்கப் பார்த்து முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பாய் பஞ்சுத் தகட்டை மாற்றினார். விரிப்பை வெயிலில் காயவைத்தார். உள்ளே நுரை அடித்துக் கழுவினார். வீடு வருவதற்குச் சற்று முன்பே ஏசியை நிறுத்தி வெறும் காற்றை ஓடவிட்டால் உள்ளே ஈரம் தங்காது என்று சொல்லி அனுப்பினார். அடுத்த வேலை நாளில் கச்சிராயபாளையத்தில் கார் வந்து நின்றது. நான் பின் கதவைத் திறந்தேன்.

“முன்னாடி வா” என்றார் அக்கா.

நான் நின்றேன்.

“வா தேவி. காலியா இருக்குது. என்னால பாக்க முடியல.”

ஏறினேன். கால் வைத்த இடம் காய்ந்திருந்தது. ஏசியில் எந்த வாடையும் இல்லை. வளைவுகளில் எந்தச் சத்தமும் இல்லை. மாமா இறந்த அன்றுகூட அந்தக் கார் அத்தனை வெறுமையாக இருந்ததில்லை. பாதி மலையில் அக்கா என் பக்கம் திரும்பிப் பார்த்தார், ஏதோ நினைவாக. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓட்டினார்.

அதற்குப்பின் பேத்தி அந்தக் காரிலேயே வளர்ந்தாள் என்று சொல்லலாம். மலையிறங்கி அணை தெரிந்ததும் அக்கா ஏசியை நிறுத்திவிடுவார். எங்கே நிறுத்தினாலும் இறங்கி, குனிந்து, இடது பக்கம் தண்ணீர் சொட்டியிருக்கிறதா என்று பார்ப்பார். சொட்டியிருந்தால் நிம்மதி என்றுதான் நாம் நினைப்போம். அவர் முகத்தில் நிம்மதியோடு இன்னொன்றும் வந்து போகும்.  பணி ஓய்வுக்குப் பிறகு சிறுநீரகம் கெட்டது. ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்த கடைசி மாதங்களில் கார் வேப்ப மரத்தடியில் கிடந்தது. கடைசியாகப் போய்ப் பார்த்தபோது, “காருக்கு அடியில பாத்தியா?” என்று கேட்டார். அதுதான் என்னிடம் அவர் பேசிய கடைசிப் பேச்சு. கார் ஓடியே நாளாகிறது என்று அவருக்கு நான் சொல்லவில்லை.

அடக்கத்தன்று கவிதா முன்பெட்டியிலிருந்த மாத்திரை உறையை எடுத்துவந்து அம்மாவின் கையில் வைத்து விரல்களை மூடினாள். யாரும் என்னவென்று கேட்கவில்லை. மருந்து கொடுத்த கையல்லவா.

காரியம் முடிந்த மறுநாள் கவிதா என்னைக் கூப்பிட்டாள். அப்பா காத்திருந்த பலா மரத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். குழந்தையைக் கணவரிடம் விட்டுவிட்டு அவளே ஓட்டினாள். நான் முன்னால் உட்கார்ந்தேன். அணை தாண்டியதும் வெயில் தாங்காமல் ஏசியைப் போட்டாள்.

வாடை வந்தது.

 பாதி மலை ஏறியிருப்போம், ஒரு வளைவில் என் காலடிக்கு மேலே, டேஷ்போர்டுக்குள், மடக் என்றது. கவிதா ஏசியை அணைக்கவில்லை. நான் ஆய்வகக்காரி. நின்ற காரில் குளவி கட்டியிருக்கும், குழாய் அடைத்திருக்கும், அவ்வளவுதான் என்று எனக்குத் தெரியும். பலா மரத்தடியில் இறங்கிக் குனிந்து பார்த்தேன். இடது பக்கம் தரை காய்ந்து கிடந்தது.

“சொட்டலியா சித்தி?”

“சொட்டல.”

எந்த வாடைக்குப் பயந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு சாலையில் இறங்கினாளோ, அதே வாடையை அவள் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு நிறைய இழுத்தாள்.

“நாளைக்கு சலீம் பாய்கிட்ட வுட்டுடறேன். பாப்பா ஏறணும் இல்ல” என்றாள். பிறகு, “இன்னிக்கி ஒருநாள் இருக்கட்டும் சித்தி.”

அம்மா அன்று இதே சொல்லைச் சொன்னது அவளுக்குத் தெரியாது. சலீம் பாயும் நானும்தான் கேட்டவர்கள்.

மலையிறங்கக் கிளம்பும்போது நான் பின் கதவைத் திறந்து ஏறிக்கொண்டேன். கவிதா இடது பக்கக் காற்றுவாயைக் காலி இருக்கையின் பக்கம் திருப்பி வைத்துவிட்டு வண்டியை எடுத்தாள்.

அக்கா, அன்று எனக்கு விட்டுக்கொடுத்தீர்களே அந்த இடம், இன்று உங்களுக்காக விட்டிருக்கிறேன். ஓட்டுகிற வேலை இனி உங்களுக்கு இல்லை. சாய்ந்து உட்காருங்கள், மெதுவாகத்தான் இறங்குகிறோம். நாளை கம்பி விட்டுவிடுவார்கள். அதற்குள் மாமாவிடம் போய்ச் சேர்ந்துவிடுங்கள்.